பழைய வண்டி, புதிய பெட்ரோல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வழியில் நின்றுபோனால், வைத்திருப்பவர் உடனே பாகத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார். ஒரிஜினல் டயாபிரம் எங்கே கிடைக்கும், பெட்டி பிரிக்காத கார்புரேட்டர் கிட் யாரிடம் இருக்கிறது என்று சென்னைப் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறார். லண்டனிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வைக்கிறார். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் தேடக் கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பாகம் எந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது? 1965-இல் வார்த்த கார்புரேட்டருக்கு 1965-இன் பெட்ரோல்தான் தெரியும். இன்று எந்த பங்க்கிலும் அது கிடைக்காது.

நம் பக்கத்து வண்டி ஒன்றை வைத்தே இதைப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சிசி இன்ஜின், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும் பானெட். அந்த பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியை வைத்து உடல் வரைந்து, 1962-இல் டிரையம்ஃப் வெளியிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் நம் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. தமிழ்நாட்டில் பிறந்த வண்டிகளில் ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு நெருங்கிய சொந்தம் வேறு இல்லை என்பேன்.

புதுச்சேரியில் ஒயிட் டவுனுக்கு வடக்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் குருசுக்குப்பத்தில் அப்படி ஒரு ஹெரால்டின் கார்புரேட்டரைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்தேன். பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் மூடியைத் தூக்கியதும் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விரலில் ஒட்டியது, தேய்த்தால் நறநறவென்றது. மூலையில் தேன் நிறத்தில் பிசின் போல ஒரு படலம். ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் துளையுள்ள பித்தளைத் திருகான ஸ்லோ ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துளை தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த மெல்லிய கம்பி ஒன்றை எடுக்கப் போனதும் மெக்கானிக் தடுத்தார். "கம்பி மட்டும் விடாதீங்க சார். அடைப்பு போயிடும், ஜெட்டும் போயிடும்." காற்றுக் குழாயை வைத்து ஊதினார், ஊசி முனையளவு வெளிச்சம் வந்தது.

அவர் சொன்னதன் முழுப் பொருளும் விளங்க, கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜின் காற்றை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்று போகும் வழியை ஓரிடத்தில் இடுப்புப் போலச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சுருங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். 1738-இல் டேனியல் பெர்னூலி எழுதி வைத்த விதி இது. குறுகலான குழாய்களில் திரவம் எப்படி ஓடுகிறது என்று சோதித்து ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி 1797-இல் பாரிஸில் நூல் வெளியிட்டார். அந்த இடுப்பை இன்றும் அவர் பெயரால் வெஞ்சுரி என்கிறோம். மிதவை அறையிலுள்ள பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம் உட்கார்ந்திருக்கிறது; வெஞ்சுரியில் அழுத்தம் குறைவு. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட்டின் துளை வழியாகத் தள்ளிக் காற்றோடு சேர்க்கிறது. அதே அழுத்த வித்தியாசத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துளைதான். ஹெரால்டில் இருக்கும் சோலெக்ஸ், பாரிஸில் பிறந்த கார்புரேட்டர். அதன் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 115 என்றால் 1.15 மி.மீ.; 45 என்றால் 0.45 மி.மீ.

துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.45 மி.மீ. ஸ்லோ ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைந்து அது 0.47 ஆகிவிட்டால் விட்டம் கூடியது இரண்டே நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பரப்போ 9 சதவீதம் கூடிவிடும். ஐடிலிங்கில் 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் என்றால் பிளக் கறுக்கும், வண்டி மூச்சுத் திணறும். பித்தளை மென்மையான உலோகம். இரும்புக் கம்பி அதில் என்ன செய்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய பழைய ஜெட்டின் மேலுள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். முந்தைய கைகள் அதில் என்னென்ன விட்டுக் குத்தினவோ, எண் அதைச் சொல்லாது.

இனி பெட்ரோல். ஹெரால்டு சாலைக்கு வந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல். பிறகு எத்தனால் வந்தது. 2022-இல் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20. இ20 என்று பங்க்கில் எழுதியிருப்பது இதைத்தான். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எரிபொருள், இறக்குமதி குறைகிறது. அதன் நியாயத்தைப் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. புதிய வண்டிகள் சமாளிக்கின்றன. அவற்றின் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கலவை மாறினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரிடம் அந்தக் கண் கிடையாது.

ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. இருபது சதவீதக் கலப்புக்குக் கணக்குப் போட்டால் 13.5 கிலோ வருகிறது. அதாவது உள்ளே வரும் அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் அதிகமாக எரிபொருள் கொடுக்க வேண்டும். பழைய ஜெட் பழைய அளவைத்தான் கொடுக்கும். மெக்கானிக்குகள் 'லீன்' என்று சொல்லும் நிலை இதுதான்: ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும், கார்புரேட்டர் வழியே துப்பும், ஐடிலிங் நிற்காது, பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். இப்போது 115 ஜெட்டுக்குப் பதில் 120 போட்டால் என்ன ஆகும்? பரப்பு 8.9 சதவீதம் கூடும். தேவையும் கிட்டத்தட்ட அதுவேதான்! இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஒரு ஊர் மெக்கானிக் 'ஒரு சைஸ் ஏத்திப் போடு' என்று அனுபவத்தில் சொல்வதும் வேதியியல் சமன்பாடு சொல்வதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஸ்பிட்ஃபயரில் இருப்பது இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர். அது வேறு வகை. 1900-களின் தொடக்கத்தில் லண்டன் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. முதல் மாதிரிகளில் மேலும் கீழும் அசையும் பகுதியைத் தோலாலேயே செய்தார்கள். காற்று அதிகமானால் அதன் பிஸ்டன் தானே உயர்ந்து, கூர்ந்து மெலியும் ஊசி ஒன்றை ஜெட்டிலிருந்து வெளியே இழுக்கும், வழி அகலமாகும். அதில் ஜெட் மாற்ற வேண்டியதில்லை. அடியில் இருக்கும் ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை, இரண்டு பட்டை இறக்கினால் கலவை ரிச் ஆகும், அதாவது அதில் பெட்ரோல் கூடும். இ20 யுகத்தில் எஸ்.யு. வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. சோலெக்ஸ்காரர் ஜெட் தேடியாக வேண்டும்.

தேடுவது அவ்வளவு கடினமல்ல. சென்னையிலிருந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட், சோலெக்ஸ் உரிமத்தில் இந்திய வண்டிகளுக்குக் கார்புரேட்டர் செய்தது. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் சோலெக்ஸ் வகைகள் ஓடின. அதே நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து 1985-இல் யூகால் நிறுவனத்தைத் தொடங்கியது. மிக்குனியும் முன்பு சோலெக்ஸ் உரிமத்தில் செய்த கம்பெனிதான். ஆக, ஹெரால்டின் ஜெட்டுக்கு இந்த நாட்டிலேயே ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் "ஹெரால்டு ஜெட் இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். பழைய ஜெட்டையே கையில் கொண்டுபோய், "இதே மரை, நூத்திருபது" என்று கேட்டால் டப்பாவைக் கொட்டித் தேடுவார்கள். மரை ஒத்துப்போனாலும் உட்காரும் முகத்தின் சாய்வு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் துளையை விட்டுவிட்டு ஓரமாகக் கசிந்து போகும், எண்ணுக்கு அர்த்தமே இராது.

ரப்பர் சமாச்சாரத்தில் நான் கண்டிப்பாக ஒன்று சொல்வேன்: பெட்டி பிரிக்காத பழைய சரக்கை வாங்காதீர்கள். பித்தளை ஜெட், ஊசி, ஸ்பிரிங் என்றால் ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தாலும் பரவாயில்லை. பெட்ரோல் பம்பின் டயாபிரம் அப்படியல்ல. துணியின் மேல் பூசிய ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து இறுகிப்போயிருக்கும். வளைத்துப் பார்த்தால் வளையும், ஆனால் இன்ஜினில் நிமிடத்துக்கு ஆயிரம் முறை வளைய வேண்டியது அது. போதாக்குறைக்கு எத்தனால் வேறு. ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் பொருள்களை அது கரைத்து வெளியே எடுக்கும். நனைந்திருக்கும்போது ரப்பர் ஊதும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். இன்னும் பழைய வண்டிகளில் கார்க் மிதவைக்கு அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரைந்துவிடும்! இன்று வாங்கும் டயாபிரமும் ஊசி வால்வின் முனையும் ஃப்ளோரோ ரப்பரில், அதாவது கடைக்காரர் 'வைட்டான்' என்று சொல்லும் சரக்கில் இருந்தால் நல்லது. பெட்ரோல் டியூபில் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்டிருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி, நீளத்தை அளந்து, பங்க் பெட்ரோல் ஊற்றிய மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் வெயில்படாமல் ஒரு வாரம் போட்டு வையுங்கள். எடுத்து மறுபடி அளக்கலாம். நீளம் கணிசமாகக் கூடியிருந்தாலோ, பெட்ரோல் கறுத்திருந்தாலோ அந்த டியூப் வண்டிக்கு ஆகாது.

அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். சோலெக்ஸின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்து அடியில் தங்கினால் துத்தநாகம் அரிக்கப்பட்டு வெள்ளையாகப் பொடியும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலோரத்து ஈரக்காற்றை டேங்க் மூச்சாக இழுத்து விடுகிறது, அது குளிர்ந்து நீராகிறது என்பார்கள். கணக்குப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது சுமார் 30 கிராம் நீர். டேங்கில் 15 லிட்டர் காலியிடம் என்று வைத்துக்கொண்டால், பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசத்தில் உள்ளே வெளியே போய் வரும் காற்று அரை லிட்டர். அதிலுள்ள நீர் 0.015 கிராம். ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஐந்தாறு கிராம். பெட்ரோல் ஆவியின் பங்கையும் சேர்த்துச் சில மடங்கு கூட்டிக்கொண்டாலும் ஒரு டம்ளர் தேறாது. பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.லி. தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். இருபது சதவீதம் இன்னும் அதிகம் தாங்கும். அந்த எல்லை தாண்டினால்தான் எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எனவே குருசுக்குப்பத்து ஹெரால்டில் நான் சந்தேகப்படுவது கடற்காற்றை அல்ல, டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குள் அந்த வெடித்த வளையத்தின் வழியே ஒரே இரவில் இறங்கும் தண்ணீர், காற்று பத்து வருடத்தில் கொண்டுவருவதைவிட அதிகம். உப்புக்காற்று தன் வேலையை வெளியே செய்கிறது: குழாய்களின் இணைப்பு, டேங்கின் அடித்தகடு, கார்புரேட்டரின் வெளி நெம்புகோல்கள். ஆரம்பகால ஹெரால்டில் டிக்கியிலிருக்கும் டேங்கில் ரிசர்வுக்கென்று ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினால் குழாய் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சும். ரிசர்வில் போட்டதும் வண்டி இருமினால் டேங்கின் அடியில் இருப்பது பெட்ரோல் மட்டுமல்ல என்று தெரிந்துவிடும்.

கோளாறு கண்டுபிடிப்பதில் அதிகம் குழப்புவது ஒன்றுதான்: பதினைந்து நிமிடம் ஓடி, நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பும் வண்டி. இதற்குக் காரணம் குறைந்தது நான்கு. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பு தோற்றுவிடுகிறது. சத்தம் இல்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலைப் பழி சொன்ன எத்தனையோ கோளாறுகள் டிஸ்ட்ரிபியூட்டரில், சூடானதும் செயலிழக்கும் கன்டென்சரில் இருந்திருக்கின்றன. ஆனால் பெட்ரோல் வாடை தெரியும் இடத்தில் பிளக்கை வைத்துப் பொறி பார்க்கக் கூடாது. மூன்றாவது, சூட்டில் பெட்ரோல் கொதிப்பது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு கலக்கும்போது அதிலுள்ள பல பொருள்கள் அதற்கும் முன்பே ஒன்றாக ஆவியாகிவிடுகின்றன. ஹெரால்டில் கார்புரேட்டர் இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும் அதே பக்கம். மே மாத மதியத்தில் வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்று, கீழிருந்து ஏறும் சூடு மிதவை அறையைக் கொதிக்க வைக்கும். பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் இறங்கும். அப்போது சோக்கை இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் அட்டையும், நடுவே ஒரு அலுமினியத் தகடும் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

நான்காவதுதான் ஆளை அலைக்கழிக்கும். டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள குழாயில் இருப்பது உறிஞ்சும் அழுத்தம். அங்கே ஒரு டியூபில் விரிசல் இருந்தால் பெட்ரோல் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். கையால் தடவினால் காய்ந்துதான் இருக்கும். பம்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழிகள் வரிசையாக வருவதைக் கண்ணால் பார்க்கலாம். எதையும் மாற்றாமல், ஒரு பைசா பாகம் வாங்காமல் தெரிந்துகொள்ளக் கூடியது. ஓடும்போது சோக்கை அரை விரல் இழுத்துப் பார்ப்பதும் அப்படித்தான்: வண்டி சீரானால் லீன், இன்னும் திணறினால் ரிச். ஓவர்ஃப்ளோ என்றால் பித்தளை மிதவையைக் கழற்றி, அடுப்பை விட்டுத் தள்ளி எடுத்துவந்த வெந்நீரில் அமுக்குங்கள். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி கிளம்பும். இன்ஜின் ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாபிரம் கிழிந்து, பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் தண்ணீர்போல நீர்த்து பேரிங்குகள் போய்விடும், தீ அபாயமும் உண்டு. அந்த வண்டியை அந்த இடத்திலிருந்து ஓட்டியே கொண்டுபோகக் கூடாது.

அந்தப் பம்பை நம் மெக்கானிக்குகள் ஏ.சி. பம்பு என்பார்கள். பாரிஸில் பிறந்து, சைக்கிள் பந்தய வீரராக இருந்து, அமெரிக்கா போய்த் தொழில் தொடங்கிய ஆல்பர்ட் சாம்பியனின் முதலெழுத்துகளைத் தாங்கிய கம்பெனியின் பெயர் அது. கேம் ஷாஃப்ட் தட்டும்போதெல்லாம் டயாபிரம் இறங்கி உறிஞ்சும். ஸ்பிரிங் அதை மேலே தள்ளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்பும். மிதவை அறை நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, பம்பு சும்மா இருக்கும். அழுத்தம் 1.5 முதல் 2.5 பி.எஸ்.ஐ. அளவுதான். இது கெட்டதும் எலக்ட்ரிக் பம்பு மாட்டிக் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கையில் கிடைக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பு கொடுப்பது 40 பி.எஸ்.ஐ.-க்கும் மேல். சோலெக்ஸின் ஊசி வால்வு அதைத் தடுத்து நிறுத்தாது. சூடான எக்ஸாஸ்டின் மேல் பெட்ரோல் கொட்டும். கார்புரேட்டருக்கென்றே செய்த எலக்ட்ரிக் பம்பிலும் பல 4, 5 பி.எஸ்.ஐ. தருபவை, அவற்றுக்கு ரெகுலேட்டர் இல்லாமல் ஆகாது. பெட்டியில் அழுத்தம் எவ்வளவு என்று அச்சிடாத பம்பை வாங்காமல் திரும்பிவிடலாம். பழைய ஏ.சி. பம்பின் உடல் விரிசல் இல்லாமல் இருந்து, உள்ளே இரண்டு வால்வுகளும் பிடித்தால், வைட்டான் பூசிய துணியில் புது டயாபிரம் வெட்டிப் போட ஒரு காலை வேளை போதும்.